ஈச்ச ஓடையும் பக்கத்து ஊற்றும்

அன்று காலை என் ஊற்று நிரம்பிக் கிடந்தது.

பங்குனி வெயில் ஏறத் தொடங்கியிருந்த நேரம். இடுப்பில் குடமும் கையில் சிரட்டையுமாக ஓடைக்குள் இறங்கினேன். ஆடு நாய் வாய் வைக்காமலிருக்க மூடி வைத்திருந்த நொச்சித் தழையை விலக்கிப் பார்த்தால், மணற்குழியின் விளிம்பு வரைக்கும் தண்ணீர். அதன் மேல் ஒரு சருகு அசையாமல் கிடந்தது.

ஓடையை நம்பிக் குடித்தனம் நடத்துகிற எந்தப் பெண்ணுக்கும் அது சந்தோஷமான காட்சி. காத்திருக்க வேண்டியதில்லை; மொண்டு ஊற்றிக்கொண்டு வீட்டைப் பார்க்கப் போகலாம். நான் மொள்ளவில்லை. குடத்தை மணலில் வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

நிரம்பிய ஊற்றைப் பார்த்து ஒருத்தி ஏன் கலங்க வேண்டும் என்று உங்களுக்குத் தோன்றும். அதை எழுதத்தான் இந்த வாரம் உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் முதலில் ஓடையைச் சொல்லியாக வேண்டும். பாடம் நடத்தியே பழகியவள் நான். முன்கதை இல்லாமல் எதையும் தொடங்க வராது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

சர்க்காரில் பெயர் கிடையாது

சிறுமலையின் வடக்குச் சரிவில் அது பிறக்கிறது. பிறக்கிறது என்பதுகூடப் பெரிய வார்த்தைதான். மழை பெய்தால் பத்து இடத்திலிருந்து ஒழுகி ஒன்றுசேரும். புளியந்தோப்பு, மாந்தோப்பு எல்லாம் தாண்டி, நத்தம் சாலையை ஒரு தரைப்பாலத்தின் மேல் கடந்து, நான் வேலை பார்த்த ஊரை ஒட்டி ஒரு வளைவு வளைந்து, கம்பங்கொல்லைகளுக்கும் பூந்தோட்டங்களுக்கும் நடுவே நடந்து, கடைசியில் தாடிக்கொம்புப் பக்கம் குடகனாற்றில் விழுந்துவிடும்.

ஊர்க்காரர்கள் அதை ஈச்ச ஓடை என்பார்கள். நான் போன காலத்தில் கரையில் ஓர் ஈச்ச மரம்கூட இல்லை. நொச்சியும் நாணலும்தான். கணக்குப்பிள்ளையிடம் ஒருநாள் விசாரித்தேன். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டு, "ஈச்ச ஓடையாவது ஒன்னாவது. சர்க்கார்ல இதுக்குப் பேரெல்லாம் கெடையாதும்மா. ஓடைப் புறம்போக்கு, அம்புட்டுத்தான்" என்றார்.

பெயரில்லாமல் அத்தனை தூரம் நடக்கிறதே என்று அன்றைக்கு எனக்கு அதன் மேல் பரிவு வந்தது. அந்த ஊரில் என்னையும் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. டீச்சர், டீச்சரம்மா, கிறிஸ்தவப் பெண் என்பதால் வேதக்கார டீச்சர். ஞானம் என்று ஒருத்தி இருப்பது, எப்போதாவது திண்டுக்கல்லுக்கு வீட்டுக்குப் போய் அம்மா வாயால் கேட்கும்போதுதான் எனக்கே ஞாபகம் வரும்.

ஐப்பசி, கார்த்திகையில் ஓடையில் தண்ணீர் புரளும். தை வரைக்கும் கணுக்கால் நனைகிற அளவுக்கு நெளிந்துகொண்டிருக்கும். அப்போது பாறை இடுக்குகளில் அயிரை மீன் அகப்படும். பெண்கள் முந்தானையை விரித்தே பிடித்துவிடுவார்கள். அந்தக் குழம்பு வாசனை தெருவெல்லாம் வரும். எனக்கு வாசனை மட்டும் வரும்.

மாசி பிறந்தால் வெறும் மணல். ஆனால் ஓடை செத்துப்போனதாக அர்த்தமில்லை. மணலுக்கு அடியில் அது நடந்துகொண்டுதான் இருக்கும். முழங்கால் ஆழம் தோண்டினால் தண்ணீர் கசிந்து குழியில் சேரும். அதுதான் ஊற்று. ஊருக்கே குடிநீர் அது; தண்ணீர் ஓடுகிற மாதங்களிலும் கலங்கல் இல்லாமல் குடிக்க ஓர மணலில் தோண்டிக்கொள்வார்கள். கிணறுகள் இருந்தன; எல்லாம் உப்பு. பருப்பு வேகாது.

வளைவுக்கு மேலே ஊற்றுத் தண்ணீர் இனிக்கும். வளைவுக்குக் கீழே லேசாக உவர்க்கும். மேலே தோண்டியவர்கள் யார், கீழே தோண்டியவர்கள் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மேலே தோட்டக்காரக் குடும்பங்கள். கீழே சேரிப் பெண்கள். தண்ணீரை நாக்கில் வைத்தே அந்த ஊரைப் படம் போட்டுவிடலாம்.

வெயிலில் வந்த வெள்ளம்

இந்த ஓடையிடம் ஒரு பொல்லாத குணம் உண்டு. மலையில் மழை பெய்தால் ஊரில் வெயிலடிக்கும்போதே வெள்ளம் வரும். முதலில் சருகும் மண்ணும் கலந்த ஒரு வாடை. பிறகு தூரத்தில் இரைச்சல். அதற்குள் குடத்தைத் தூக்கிக்கொண்டு கரையேறிவிட வேண்டும். செங்காவித் தண்ணீர் முறிந்த கிளைகளையும் சில சமயம் சிறுமலை வாழைத்தாரையும் உருட்டிக்கொண்டு போகும். வடிந்த பிறகு பார்த்தால் மணல் புதிதாகப் பரவிக் கிடக்கும். ஊற்றுகள் இருந்த சுவடே இராது. எல்லாரும் முதலிலிருந்து தோண்ட வேண்டும்.

நான் வருவதற்குச் சில வருஷம் முன்னால் ஐப்பசியில் அங்கே ஒரு கல்யாணம். மாப்பிள்ளை வீட்டார் ஒட்டன்சத்திரத்துக்கு அந்தப் பக்கத்திலிருந்து பஸ்ஸில் வந்து இறங்கி, வண்டி பிடித்து அக்கரைக்கு வந்து சேர்ந்திருக்கிறார்கள். இக்கரையில் பந்தல், மேளம், மணையில் பெண். தலைக்கு மேல் ஒரு பொட்டு மேகமில்லை. மலை மட்டும் கறுத்திருந்தது.

மாப்பிள்ளையின் மாமா வேட்டியை மடித்துக் கட்டி ஓடையில் கால் வைக்கப் போகும்போது இரைச்சல் கேட்டது. அவ்வளவுதான். முகூர்த்தம் போயிற்று. அக்கரையில் மாப்பிள்ளை பட்டினி. இக்கரையில் சோறு ஆறிவிடுமென்று பந்தியை நடத்திவிட்டார்கள். சாயங்காலம் வெள்ளம் வடிந்து மாப்பிள்ளை வந்தபோது வெஞ்சனமெல்லாம் தீர்ந்து ரசம்தான் மிச்சம். "மாப்ள ரசஞ்சோறு தின்னுட்டுத் தாலி கட்டுனாரு டீச்சர்" என்று எனக்கு இந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்காத ஆள் அந்த ஊரில் இல்லை. நானும் சிரித்தேன். அந்த மணப்பெண்ணை அப்போது எனக்குத் தெரியாது.

நடுவில் ஓர் இடம்

நான் அந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு வந்தது ஐம்பதுகளின் நடுவில், ஒரு தை மாதத்தில். ஓராசிரியர் பள்ளி. பள்ளியை ஒட்டி ஓர் அறை, அதில் நான்.

வந்த மறுநாள் குடத்தோடு ஓடைக்குப் போனேன். வளைவுக்கு மேலே வரிசையாக ஊற்றுகள். ஒன்றில் யாரும் இல்லை. பக்கத்து ஊற்றில் மொண்டுகொண்டிருந்த பெண்ணிடம், "இதில் எடுத்துக்கலாமா?" என்று கேட்டேன்.

அவள் நிமிராமலே, "அதுல ஆளிருக்கு" என்றாள்.

சுற்றிலும் பார்த்தேன். யாரும் இல்லை. இன்னொன்றைக் காட்டினேன். "அதுலயும் ஆளிருக்கு."

அவள் பெயர் ராக்கம்மா. பூந்தோட்டக் குடும்பத்தின் மூத்த மருமகள். ஓடையில் அவள் வைத்ததுதான் சட்டம்.

போகப் போக அந்தச் சட்டம் புரிந்தது. தினமும் மணலை வாரி எடுத்தால்தான் ஊற்று உயிரோடு இருக்கும். ரெண்டு நாள் விட்டால் சரிந்து மூடிக்கொள்ளும். பிறகு அந்த இடம் யாருக்கும் சொந்தமில்லை. ஆனால் சொந்தக்காரி கண்ணில் படாவிட்டாலும், பக்கத்தில் இருப்பவள் 'ஆளிருக்கு' என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், யாரும் தொடமாட்டார்கள். ஆகவே ஒருத்திக்கு ஊற்று இருப்பதென்றால், அவளுக்காக அந்த வார்த்தையைச் சொல்ல இன்னொருத்தி இருக்கிறாள் என்று பொருள்.

என்னை எங்கே வைப்பதென்று அவர்களுக்குத் தெரியவில்லை. வேதக்காரி; என்ன சாதியென்று கேட்கத் தயக்கம், கேட்காமல் சேர்க்கவும் தயக்கம். கடைசியில் மணியக்காரர் ஆள் விட்டுச் சொன்னார்: "டீச்சர் நடுவுல தோண்டிக்கிறட்டும்." மேல் வரிசைக்கும் கீழ் வரிசைக்கும் நடுவில் வளைவின் ஓரமாக வெறிச்சோடிக் கிடந்த இடம். மேலே இருப்பவர்கள் அங்கே இறங்கமாட்டார்கள். கீழே இருப்பவர்களை அங்கே ஏறவிடமாட்டார்கள். அங்கேதான் நான்.

தோண்டினேன். என்ன ஆச்சரியம், என் ஊற்று மடமடவென்று ஊறியது. மேலே பெண்கள் சிரட்டையை வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். நான் போன கையோடு மொண்டுகொண்டு திரும்பிவிடுவேன். ஓடைக்கு என்னைப் பிடித்துவிட்டது என்றுகூட நினைத்தேன். பைத்தியக்காரத்தனம்தான், ஆனால் அங்கே வேறு யாருக்கும் என்னைப் பிடித்ததாகத் தெரியவில்லையே.

காத்திருக்கிற பெண்கள் பேசிக்கொண்டிருப்பார்கள். ஊறுகிற நேரம்தான் அவர்கள் பேசுகிற நேரம். சிரிப்புச் சத்தம் என் வரைக்கும் வரும். என் ஊற்று அதற்குள் நிரம்பிவிடும். எனக்கு அங்கே நிற்பதற்கு ஒரு சாக்கும் இராது.

திண்டுக்கல்லுக்கே மாற்றல் கேட்டுவிடலாமென்று முடிவு செய்திருந்தேன்.

மம்பட்டியோடு வந்தவள்

அடுத்த வருஷக் கார்த்திகையில் வெள்ளம் வந்து வடிந்து, எல்லாரும் புதிதாகத் தோண்டிய சமயம். ஒரு காலையில் மேல் வரிசையில் பெரிய சத்தம். ராக்கம்மாவின் குரல்தான் ஓங்கியிருந்தது. சற்று நேரத்தில் ஒருத்தி தோளில் மம்பட்டியும் இடுப்பில் குடமுமாக விறுவிறுவென்று என் பக்கம் இறங்கி வந்தாள்.

ராக்கம்மாவின் நாத்தனார் அவள். வெள்ளையம்மாள். புருஷன் வேறொருத்தியைச் சேர்த்துக்கொண்டு அடித்து அனுப்பிவிட்டதால் அண்ணன் வீட்டுக்குத் திரும்பி வந்தவள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். குடும்பத்து ஊற்றில் கடைசியாக மொள்ளுகிற முறைதான் அவளுக்கு. கலங்கல்தான் மிஞ்சும். அன்றைக்கு அவள் முந்திவிட்டாளாம்.

என் ஊற்றுக்குப் பக்கத்தில், கைக்கெட்டுகிற தூரத்தில் மம்பட்டியைப் போட்டாள்.

"இங்கன தோண்டிக்கிறவா?"

"தோண்டிக்க" என்றேன்.

"ஒங்க பக்கத்துல தோண்டுனா யாரும் சண்டைக்கி வரமாட்டாக. அதான் வந்தேன்."

என் மேல் பிரியப்பட்டு வரவில்லை என்பதை அவள் மறைக்கவே இல்லை. அது எனக்குப் பிடித்திருந்தது.

மறுநாள் காலையில் என் ஊற்று பாதிகூட ஊறியிருக்கவில்லை. சிரட்டையை விட்டால் மணல் உரசியது. எனக்குக் கோபம் வந்துவிட்டது. என்னைக் கைவிடாதிருந்தது இந்த ஊற்று ஒன்றுதான், அதுவும் போயிற்றா?

வெள்ளையம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்க தண்ணியத்தான் நான் இழுக்குறேன் டீச்சர். கிட்டக்கிட்ட இருந்தா அப்பிடித்தான். செத்த நேரம் உக்காருங்க, ஊறிரும்" என்றாள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாளும் என் ஊற்று நிரம்பியிருந்ததற்குக் காரணம், ஓடையின் பிரியம் ஒன்றுமில்லை. பக்கத்தில் யாரும் இல்லாததுதான்.

உட்கார்ந்தேன். அந்த ஊருக்கு வந்து முதல் தடவையாகத் தண்ணீருக்காகக் காத்திருந்தேன்.

ஊறும் நேரம்

தினமும் எனக்கு முன்னால் வந்துவிடுவாள். அவள் மொண்டு முடித்திருப்பாள். என் ஊற்று இறங்கிக் கிடக்கும். அது ஊறும் வரைக்கும் என்னோடு உட்கார்ந்திருப்பாள். என்ன பேசினோம் என்று கேட்டால் ஒன்றுமில்லை. கனகாம்பரத்துக்குத் தண்ணீர் கட்டியது, மீன்கொத்தி ஒன்று தினமும் ஒரே கிளையில் வந்து உட்காருவது, அண்ணன் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் படிக்கிற லட்சணம்.

கல்யாணக் கதையை ஒருநாள் அவளே சொன்னாள். ரசஞ்சோற்று மாப்பிள்ளை அவள் புருஷன்தான். நான் சிரிக்கவில்லை.

"ஓடையே போகாதன்னு மறிச்சுச்சு டீச்சர். சாயந்தரம் வரைக்கும் விடல. நாங்கதான் கேக்கல" என்றாள். புருஷன் ஊரின் பெயரை அவள் வாயால் கேட்டதே இல்லை. "அந்த ஊரு" என்பாள், அவ்வளவுதான்.

ஒருநாள், "ஒங்க பேரு என்ன டீச்சர்?" என்று கேட்டாள். சொன்னேன். "ஞானம்" என்று ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு டீச்சர் என்றேதான் கூப்பிட்டாள். ஆனால் ஒருத்திக்குத் தெரியும் என்பது எனக்குப் போதுமாக இருந்தது. மாற்றல் கேட்கிற எண்ணத்தை அந்த மாசியில் விட்டுவிட்டேன்.

பங்குனியில் ஒரு மாலை. அவள் முகம் சரியில்லை.

"எங்க மாமியா வந்து உக்காந்திருக்காக. அந்தப் பொம்பள பிள்ளையப் பெத்துப் போட்டுட்டுச் செத்துப் போயிட்டாளாம். கைப்பிள்ளையத் தூக்கிக்கிட்டு வந்திருக்காக."

"உன்னைக் கூப்பிடவா?"

"ஆமா. மதினி, போயிருன்னு சொல்றா. அண்ணன் வாயத் தொறக்க மாட்டேங்குறாரு. அந்தப் பிள்ள எம் முந்தானையப் பிடிச்சுக்கிட்டு விடல டீச்சர்." மணலைக் கையில் அள்ளிக் கீழே விட்டாள். "போகவா, இருக்கவா? நீங்க சொல்லுங்க."

நான் யோசிக்கவே இல்லை. "இரு. போகாதே. உன்னை அடித்து விரட்டியவன் வீட்டுக்கு எதற்குப் போகிறாய்? நான் இருக்கிறேனே" என்றேன். அவளுக்காகச் சொன்னது பாதி. எனக்காகச் சொன்னது பாதி. அவள் போய்விட்டால் எனக்கு அந்த ஊரில் யாருமில்லை.

"டீச்சருக்கு மாத்தல் வந்தா?"

 சர்க்கார் உத்தியோகம், வந்தால் போகத்தான் வேண்டும்.

அவள் சிரித்தாள். பிறகு மம்பட்டியை எடுத்துத் தன் ஊற்றைத் தோண்டத் தொடங்கினாள். சரிந்த மணலையெல்லாம் வாரி, இன்னும் ஆழமாக்கி, அடி உடைந்த மண்பானை ஒன்றைக் கொண்டுவந்து உறை மாதிரி இறக்கி, சுற்றிலும் கல் அடுக்கினாள். வெள்ளம் வரும் வரைக்கும் தாங்குகிற வேலை. நாளைக்குப் போகிறவள் இப்படிச் செய்வாளா? அவள் இருக்கப்போகிறாள் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். அன்றிரவு நன்றாகத் தூங்கினேன்.

அந்தக் காலை

மறுநாள்தான் நான் முதலில் சொன்ன காலை. என் ஊற்று நிரம்பிக் கிடந்தது.

என் ஊற்று நிரம்பியிருந்தால் பக்கத்து ஊற்றில் யாரும் மொள்ளவில்லை என்று பொருள். தலையைத் திருப்பிப் பார்க்கவே எனக்குப் பயமாக இருந்தது. பார்த்தேன். பானை உறைக்குள் அவளுடையதும் விளிம்பு தட்டி நின்றது. விடியும் முன்னே அண்ணன் அவளைப் பஸ் ஏற்றிவிட்டு வந்தாராம். பிறகு யாரோ சொன்னார்கள். எனக்கு யாரும் சொல்லியிருக்க வேண்டியதில்லை.

சொல்லாமல் போய்விட்டாளே என்று அழுதேன். தான் போன பிறகும் என் பக்கத்தில் ஓர் ஊற்று மூடாமல் இருக்கட்டுமென்று, அந்தப் பானை உறையை எனக்காகத்தான் இறக்கினாள் என்று புரிந்தபோது இன்னும் அழுதேன். மேல் வரிசைப் பெண்கள் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள். யாரும் இறங்கி வரவில்லை.

அதன் பிறகு தினமும் இரண்டு ஊற்றையும் நானே வாரினேன். முதலில் அவளுடையதில் ஒரு குடம் மொண்டு செடிகளுக்கு ஊற்றுவேன். அப்போது என்னுடையது இறங்கிவிடும். ஊறும் வரைக்கும் உட்கார்ந்திருப்பேன். படித்தவள் செய்கிற காரியமா இது என்று கேட்பீர்கள். அந்த நேரம் இல்லாமல் எனக்கு அன்றைய பொழுது நகராது.

ஒருமுறை பழனிக்குப் போகிற பஸ்ஸில் ஏறி ஒட்டன்சத்திரம் சந்தையில் இறங்கிவிட்டேன். ஊர்ப் பெயர் தெரியாமல் ஆளை எங்கே தேடுவது? இடுப்பில் பிள்ளையோடு வந்த பெண்களையெல்லாம் பார்த்துக்கொண்டு நின்றேன். கூடைக்காரர் ஒருவர், "ஏனுங்க, யாரைத் தேடுறீங்க?" என்று கேட்டார். யாரையும் இல்லை என்று சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அறுபதுகளில் மேட்டுத் தோட்டங்களுக்குக் கரண்டு மோட்டார் வந்தது. மணலுக்கடியில் நடந்த தண்ணீர் கீழே கீழே போயிற்று. முழங்கால் ஆழத்து ஊற்று இடுப்பாழம் ஆயிற்று. தெருவுக்குக் குழாய் வந்த பிறகு ஓடைப் பக்கம் யாரும் போகவில்லை. அது ஓடைக்கு நேர்ந்த கதை. இப்போது நான் அந்தப் பங்குனிக்கு அடுத்த கார்த்திகைக்குத் திரும்ப வேண்டும்.

யாருமில்லாத ஊற்று

அந்த வருஷமும் வெள்ளம் வந்தது. பானை உறை, அடுக்கிய கல், எல்லாம் போயிற்று. வளைவில் புது மணல் மெழுகியது மாதிரி கிடந்தது. இனி அங்கே யாருக்கும் எதுவும் சொந்தமில்லை.

நான் எனக்கு ஒரு குழி தோண்டினேன். பிறகு கைக்கெட்டுகிற தூரத்தில் இன்னொன்று தோண்டினேன்.

சில நாள் கழித்து, காலையில் கரையிலிருந்து இறங்கப் போனவள் வளைவில் ஆள் நடமாட்டம் கண்டு நொச்சிப் புதருக்குப் பின்னால் நின்றுவிட்டேன். ராக்கம்மாவின் கொழுந்தனுக்கு அப்போதுதான் கல்யாணமாகியிருந்தது. அந்தப் புதுப்பெண் குடத்தோடு வளைவு வரைக்கும் இறங்கி வந்து, இரண்டாவது ஊற்றின் முன்னால் குனிந்துகொண்டிருந்தாள். மேல் வரிசையில் அன்றைக்குக் கூட்டம். இங்கே ஊற்று சும்மா கிடக்கிறது. அவளைச் சொல்லிக் குற்றமில்லை.

நான் வாயைத் திறப்பதற்குள் மேலேயிருந்து ராக்கம்மாவின் குரல் வந்தது.

"ஏ பிள்ள! அதுல மொள்ளாத. ஆளிருக்கு."

புதுப்பெண் சுற்றிலும் பார்த்தாள். "ஆருமே இல்லயேக்கா?"

"இல்லாட்டி என்ன? ஆளிருக்குன்னா இருக்கு. இங்கிட்டு வா."

அந்தப் பெண் குடத்தை எடுத்துக்கொண்டு மேலே போனாள். ராக்கம்மா செத்த நேரம் அந்த ஊற்றையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு மூக்கைச் சிந்திவிட்டுத் தன் குடத்தைத் தூக்கினாள். நான் நின்றதை அவள் பார்க்கவில்லை.

எல்லாரும் போன பிறகு இறங்கினேன். வெள்ளையம்மாளின் ஊற்றில் முதல் குடத்தை மொண்டேன். என்னுடையது இறங்கியது. பக்கத்தில் உட்கார்ந்து, அது ஊறும் வரைக்கும் காத்திருந்தேன்.